விபத்து அதிர்ச்சிக்கான ஆலோசனை: அனுபவம் உள்ளவர்களிடம் ஒரு கேள்வி

14 மாதங்களுக்கு முன் நடந்த சாலை விபத்திலிருந்து உடலளவில் தேறிவிட்ட என் தங்கை, இன்றும் பிரேக் சத்தம் கேட்டால் இருக்கையின் விளிம்பை இரு கைகளாலும் இறுகப் பற்றிக்கொள்கிறாள். வாரத்தில் 4 இரவுகளாவது அதே கனவு கண்டு அலறி எழுகிறாள். தூக்க மாத்திரையும் மூச்சுப் பயிற்சியும் தற்காலிக ஆறுதலையே தந்தன. ஆலோசகர் ஒருவரிடம் சென்றோம். முதல் அமர்விலேயே விபத்தை முழுமையாக விவரிக்கச் சொன்னதால் (அது அவசரப்பட்ட செயல் என்றே கருதுகிறேன்) அவள் மேலும் ஒடுங்கிப்போய், 5 அமர்வுகளுடன் நிறுத்திவிட்டாள். 1987இல் அமெரிக்க உளவியலாளர் ஃபிரான்சின் ஷாப்பிரோ உருவாக்கத் தொடங்கிய, அதிர்ச்சி நினைவுகளின் தாக்கத்தைக் குறைக்கக் கண் அசைவைப் பயன்படுத்தும் இ.எம்.டி.ஆர். (EMDR) என்ற மனநலச் சிகிச்சை முறையில் நிகழ்வை விரிவாகச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்பதால், அதற்கு அரைமனதாகச் சம்மதித்திருக்கிறாள். இச்சிகிச்சை பெற்றவர்களே, அந்த நினைவைத் தொடுவதற்கு முன் மனத்தை நிலைப்படுத்த உங்களுக்கு எத்தனை அமர்வுகள் ஒதுக்கினார்கள்?