அவசரம்: சிஎஸ்வி ஆக்கினால் பாதி காலம் காணோம்

கள_ஆய்வு: எக்ஸெல் ஃபைலை சிஎஸ்வியாக மாற்றினால் வலது ஓரத்தில் இருக்கும் காலம் (column) எல்லாம் காணாமல் போகிறது. மூன்று தடவை முயன்றுவிட்டேன். நாளைக் காலை கைடிடம் காட்ட வேண்டும். யாராவது உதவுங்கள் ப்ளீஸ்.

குறிஞ்சி: எதில் திறக்கிறீர்கள்? மொத்தம் எத்தனை காலம்?

பழையபெட்டி: ஃபைல் பெயர் எக்ஸ்எல்எஸ் என்று முடிகிறதா? அதில் 256 காலம்தான், ஐவி என்ற காலத்தோடு சரி. எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்றால் 16,384 வரை வரும். நிச்சயம் இதுதான்.

பனையோலை: கமா பிரச்சினை. சிஎஸ்வி கமா வைத்துத்தானே காலங்களைப் பிரிக்கிறது. பதிலுக்குள் கமா இருந்தால் எல்லாம் இடம் மாறிவிடும்.

மூத்தநிரலர்: குடும்ப சர்வேயாக இருக்கும். உறுப்பினர் 1, உறுப்பினர் 2 என்று பக்கவாட்டில் நீட்டிக்கொண்டே போவது, அப்புறம் இங்கே வந்து அழுவது. ஆளுக்கு ஒரு வரி என்று டேட்டாபேஸில் போடுங்கள். எத்தனை முறை சொல்வது?

குறிஞ்சி: ஐயா, அவருக்கு நாளைக் காலை வேண்டுமாம்.

கள_ஆய்வு: ஆமாம், குடும்ப சர்வேதான். எக்ஸ்எல்எஸ்எக்ஸ். 412 வரி, 1,610 காலம். சிஎஸ்வியில் ஏஎம்ஜே-யோடு நிற்கிறது. திறக்கும்போது ஏதோ ஒரு பெட்டி வந்தது, ஓகே கொடுத்தேன்.

குறிஞ்சி: அந்தப் பெட்டியில்தானே விஷயமே இருக்கிறது! ஏஎம்ஜே என்பது 1,024-ஆவது காலம். எக்ஸெலுக்குப் பதில் லிப்ரே ஆபீஸில் திறந்தீர்களா? 7.4-க்கு முந்தைய பதிப்பில் எல்லை அதுதான். 2022 ஆகஸ்டில் வந்த 7.4-இல்தான் 16,384 ஆக்கினார்கள். உங்கள் லினக்ஸ் உபுண்டு 22.04 என்றால் கூடவே வருவது லிப்ரே ஆபீஸ் 7.3. அது போகட்டும், திறந்த பிறகு மூல ஃபைலில் கன்ட்ரோல் எஸ் அழுத்தினீர்களா?

பழையபெட்டி: திறக்கவே வேண்டாம், டெர்மினலிலிருந்தே கமாண்ட் கொடுத்து மாற்றலாமே.

குறிஞ்சி: உள்ளே ஓடுவது லிப்ரே ஆபீஸின் அதே கால்க் தானே? அங்கேயும் 1,024-இல் வெட்டும், பெட்டிகூட வராது. கூகுள் ஷீட்ஸில் ஒரு கோடி செல் வரை போகும். இது ஏழு லட்சம்கூட இல்லை.

கள_ஆய்வு: எல்லாருடைய ஃபோன் நம்பரும் இருக்கிறது, வெளியே ஏற்றக் கூடாது. உபுண்டு 22.04தான். கன்ட்ரோல் எஸ்... அழுத்திவிட்டேன் என்று நினைக்கிறேன்.

குறிஞ்சி: அப்படியானால் அந்த ஃபைலிலும் 1,024தான் மிஞ்சியிருக்கும். மெயிலில் பழைய பிரதி இருக்கிறதா பாருங்கள். அதைத் தொடாமல் ஃப்ளாட்பேக்கில் (லினக்ஸில் ஆப் நிறுவும் இன்னொரு வழி) லிப்ரே ஆபீஸின் புதிய பதிப்பைப் போடுங்கள்.

பனையோலை: 'காலம் காணாமல் போகிறது' என்றதும் வேறு ஏதோ சோகம் என்று நினைத்தேன். நிரல் என்று எழுதலாமே?

மூத்தநிரலர்: நிரல் என்றால் புரோகிராம்.

பனையோலை: பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் அணிகள் பாடத்தைப் புரட்டுங்கள். நிரை கிடைமட்டம், நிரல் செங்குத்து. புரோகிராம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

பழையபெட்டி: நெடுவரிசை என்றால் சண்டையே இல்லை.

மூத்தநிரலர்: வரிசை என்றாலே பலருக்குக் கிடைமட்டம்தான். அதில் நெடு வேறு.

குறிஞ்சி: தம்பி, மெயிலில் கிடைத்ததா?

பனையோலை: 'பத்தி' என்று ஒன்றும் உண்டு, மறந்துவிட்டீர்கள்.

கள_ஆய்வு: மெயிலில் இருந்தது. புதியதைப் போட்ட பிறகும் டபுள் கிளிக் செய்தால் 7.3தான் திறந்தது, அதிலேயே ஒரு மணி நேரம் போச்சு. மெனுவிலிருந்து திறந்ததும் 1,610-உம் வந்துவிட்டது. நன்றி குறிஞ்சி அக்கா.

மூத்தநிரலர்: அக்கா என்று யார் சொன்னது?