ஏற ஒரு நேரம், இறங்க ஒரு நேரம்: பெங்களூரிலிருந்து லண்டன்

அருவங்காட்டிலிருந்து:

மகள் லண்டனில் நர்ஸ். அவளைப் பார்க்க ஜூன் மாதம் போய் வந்தேன். டிக்கெட் வந்ததும் எங்க வீட்டுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கணக்குப் போட்டார். "காலை ஏழுக்குக் கிளம்பி மத்தியானம் ஒன்றுக்கு இறங்குது. ஆறே மணி நேரம். நாம பெங்களூர் போய்ச் சேரவே அதுக்கு மேல ஆகும்!" நானும் நம்பிவிட்டேன்.

ஏறி உட்கார்ந்தால் முன்சீட்டுத் திரையில் பத்தரை மணி நேரம் என்று காட்டுகிறது. டிக்கெட்டில் போடுவது அந்தந்த ஊர் நேரம் என்பது அப்போதுதான் உறைத்தது. கோடையில் லண்டன் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் ஐந்தரை. ஆறோடு நாலரையைக் கூட்டினால் கணக்கு சரி. தூரம் நேராக அளந்தால் சுமார் 8,000 கிலோமீட்டர். ஆனால் சண்டை நடக்கிற பக்கங்களைச் சுற்றிப் போவதால் பறக்கிற தூரம் அதற்கும் மேல்தான்.

திரும்பும்போது மூன்று மணிக்குக் கிளம்பி மறுநாள் விடியற்காலை ஐந்துக்கு இறங்கினோம். பதினான்கில் நாலரையைக் கழித்தால் ஒன்பதரை. அதெப்படி ஒரு மணி நேரம் குறைந்தது? பக்கத்து சீட்டுத் தம்பி விளக்கினான்: பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பெருங்காற்று ஓடுமாம். ஊருக்குத் திரும்பும்போது அது பின்னாலிருந்து தள்ளும், போகும்போது முகத்தில் அடிக்கும்.

"அட, எங்க மலை ரயில் மாதிரி" என்றேன். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி 46 கிலோமீட்டர். ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம், இறங்க மூன்றரை. கல்லாறு தாண்டிப் பல்சக்கரத்தில் ஏறுகிற அழகே தனி, அது வேறு கதை.

கோத்தகிரியிலிருந்து:

அக்கா, நான் கோயம்புத்தூரிலிருந்து ஷார்ஜா போய் வருகிறவன். 2,700 கிலோமீட்டருக்கு மேல், சுமார் நாலு மணி நேரம். அங்கே நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் என்பதால் டிக்கெட்டில் இரண்டரை மாதிரிதான் தெரியும். என் தலைவலி ஆகாயத்தில் இல்லை, சாலையில். ஒரு ஐப்பசி ராத்திரி, குஞ்சப்பனைக்கு மேலே மரம் விழுந்து கிடந்தது. பஸ் டிரைவர், காய்கறி லாரிக்காரர் என்று எல்லாருமாக அரிவாள், ரம்பம் எடுத்து வெட்டி நகர்த்தினோம். கையெல்லாம் பிசினோடு விமான நிலையக் கவுண்டருக்குப் போனேன், மூட ஐந்து நிமிடம் இருந்தது. மழைக்காலத்தில் நம் ஊர்க்காரர்கள் முந்தின நாளே கீழே இறங்கிவிடுவது நல்லது.

கூடலூரிலிருந்து:

பெங்களூர் விமானம் என்றால் காட்டு கேட்டையும் மறக்கக் கூடாது. மைசூர் போகிற பந்திப்பூர் காட்டு வழியை இரவு 9 மணிக்கு மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள். ஏழு மணி விமானத்துக்கு முந்தின சாயங்காலமே தாண்டியாக வேண்டும். நாங்கள் மைசூரில் தங்கிவிடுவோம். அருவங்காட்டு அக்கா, நீங்கள் எத்தனை மணிக்குத் தாண்டினீர்கள்?

அருவங்காட்டிலிருந்து:

எட்டே முக்காலுக்கு, தம்பி. ஏழரைக்கே தாண்டியிருக்கணும். மசினகுடி தாண்டினதும் நடுரோட்டில் ஒரு யானை, பக்கத்தில் குட்டி. வண்டி விளக்கை அணைத்துவிட்டு மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தோம். எங்க வீட்டுக்காரர் கணக்கில் அது வரவே இல்லை.