"அப்ப மாடு எதுல சாப்பிடும்?" – சின்னப் பிள்ளைகளும் கிறிஸ்துமஸ் கதையும்

மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்து பிறப்பின் கதையைச் சொல்லிப் பழக்கப்பட்டவர்கள் இங்கே எழுதலாம். பிள்ளைகள் எந்த இடத்தில் நிற்கிறார்கள், என்ன கேட்கிறார்கள், நாம் எங்கே சொதப்புகிறோம் என்று எழுதினால் போதும். நான் தொட்டியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பிள்ளைகளும் அங்கேதான் தொடங்குகிறார்கள்.

பழைய வேதாகமத்தில் "முன்னணை" என்று இருக்கிறது. கேட்கிற பெரியவர்களில் பலர் அதை ஏதோ ஒரு வகைத் தொட்டில் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள். பிள்ளை விடாது. முன்னணைன்னா என்ன? மாடு தீனி தின்கிற தொட்டி. "அப்ப மாடு எதுல சாப்பிடும்?" இந்தக் கேள்வி வந்துவிட்டால் கதை உள்ளே இறங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தில் "அது தாழ்மையின் அடையாளம்" என்று ஆரம்பித்தால் கேள்வி செத்துப்போகும். "அது எழுதியில்லை, நீ என்ன நினைக்கிறே?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். "பக்கத்துல கீழ போட்டிருப்பாங்க", "பாப்பா தூங்கின பிறகு எடுத்துட்டுப் போய் வெச்சிருப்பாங்க" என்று அவர்களே வழி கண்டுபிடிப்பார்கள்.

தொட்டியைக் கையில் தொடும்படி செய்துவையுங்கள். நீளம் 40, அகலம் 25, உயரம் 20 சென்டிமீட்டர் உள்ள அட்டைப்பெட்டி போதும். அந்தக் காலத்தில் அந்த நாட்டில் கல்லில் குடைந்த தொட்டிகளும் இருந்தன. அதனால் சாம்பல் நிறம் பூசினால் தப்பில்லை, மரத்தில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. பத்துப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்க்கும்போது காலி அட்டைப்பெட்டி கவிழும். அடியில் ஒரு கிலோ மணலைத் துணிப்பையில் கட்டிப் போடுங்கள். நிஜ வைக்கோல் மணமாக இருக்கும், ஆனால் தூசியால் தும்மலும் இருமலும் வரும். நறுக்கின காகிதமோ மஞ்சள் கம்பளி நூலோ போட்டால் வேலை முடிந்தது. மணத்துக்கு ஒரு பிடி வைக்கோலைத் தனியாக மெல்லிய துணியில் முடிந்து காட்டலாம்.

* * *

சொற்களைப் பற்றிச் சொன்னதால் இதையும் சேர்க்கிறேன். கதை சொல்லும் முன்னால் எந்த மொழிபெயர்ப்பு என்று முடிவு செய்துகொள்ளுங்கள். மரியாளின் கணவரை வீட்டில் யோசேப்பு, ஆலயத்தில் சூசை என்று கேட்கிற பிள்ளை இரண்டு ஆள் இருக்கிறார்கள் என்று நினைக்கும். "மேய்ப்பர்", "இடையர்" விஷயமும் அப்படித்தான். ஒன்றை எடுத்துக்கொண்டால் கடைசிவரை அதையே சொல்ல வேண்டும்.

ஞானிகளுக்கு வரும் "சாஸ்திரிகள்" என்ற பழைய சொல் பிள்ளைக்கு எட்டாது. "நட்சத்திரம் பார்த்துப் படிக்கிறவங்க" என்றால் உடனே பிடித்துக்கொள்ளும். "குடிமதிப்பு" என்பதற்கு "பேர் எழுதிக்கிட்டுப் போறது" போதும். அதற்கு உத்தரவிட்ட ரோமப் பேரரசர் அகுஸ்து இராயனை விட்டுவிடலாம், "பெரிய ராஜா" என்றாலே நடந்துவிடும். "சத்திரம்" மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. சுவிசேஷம் எழுதிய லூக்கா அங்கே எழுதும் கிரேக்கச் சொல், 22-ஆம் அதிகாரத்தில் கடைசி இராவுணவு உண்ட அறைக்கு எழுதும் அதே சொல். நல்ல சமாரியன் கதையில் வரும் சத்திரத்துக்கு அவர் வேறு சொல் போடுகிறார். ஆகவே அது விருந்தினர் தங்கும் அறையாகவும் இருந்திருக்கலாம். "தங்குற இடத்துல இடமில்லை" என்று சொல்லிவிட்டால் இரண்டுக்கும் பொருந்தும். கதவைச் சாத்தும் கோபக்காரச் சத்திரக்காரர் சுவிசேஷத்தில் எங்கேயும் இல்லை. அவரை நாம்தான் உண்டாக்கினோம். அவரை நுழைத்தால் பிள்ளைகளின் கோபம் முழுக்க அவர் பக்கம் போய்விடும், குழந்தை பின்னுக்குப் போய்விடும்.

மரியாள் ஏறி வந்த கழுதையும் லூக்காவில் கிடையாது. தொட்டியருகே நிற்கும் மாடும் கழுதையும் பழைய ஏற்பாட்டில் ஏசாயாவின் முதல் அதிகாரத்திலிருந்து பிறகு வந்து சேர்ந்தவை. 1223-இல் இத்தாலியின் கிரெச்சியோ ஊரில் அசிசி பிரான்சிஸ் வைக்கோல் தொட்டி அமைத்து, உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தி கிறிஸ்துமஸ் இரவைக் கொண்டாடினார். பொம்மைகள் வைத்து நாம் அமைக்கும் கிறிஸ்துமஸ் குடிலில் அவை இருப்பதில் எந்தக் குற்றமும் இல்லை, பிள்ளைக்கு அவைதான் முதல் நண்பர்கள். "பைபிள்ல கழுதை இருக்கா?" என்று ஆறு வயதில் ஒன்று கேட்கும். அப்போது உள்ளதைச் சொன்னால் போதும்.

* * *

குடில் வைப்பவர்களுக்குச் சில விஷயம்.

மேசை உயரம் 50 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். மூன்று வயதுப் பிள்ளையின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 85 சென்டிமீட்டரில் இருக்கும். அலமாரி மேலே வைத்த குடிலில் அது பார்ப்பது அலமாரி விளிம்பையும் ஒரு ஒட்டகத்தின் வயிற்றையும்தான். வைத்துவிட்டு நீங்களும் ஒருமுறை முழங்காலிட்டுப் பாருங்கள்.

சுதை பொம்மைகள் கழுத்திலும் இறக்கையிலும் முதலில் உடையும். அழகான குடிலைப் "பார்க்க மட்டும்" என்று மேலே வையுங்கள், கையில் எடுக்க மரத்திலோ துணியிலோ இன்னொன்று கீழே. இரண்டையும் ஒன்றாக்கினால் டிசம்பர் முழுக்க "தொடாதே" என்ற சொல்தான் கதையாக இருக்கும். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை வீட்டில் இருந்தால், கழிவறைக் காகிதச் சுருளின் அட்டைக் குழாய்க்குள் நுழையும் அளவில் எந்தப் பொம்மையும் இருக்கக் கூடாது. தொண்டையில் சிக்கும். பெரும்பாலான குடில்களில் அந்தக் குழாய்க்குள் நுழைவது குழந்தை இயேசுதான். தொலைந்துபோவதும் அவர்தான். மாற்று ஒன்று கைவசம் இருக்கட்டும்.

மின்மெழுகுவத்தி வைப்பவர்கள் அடியில் பாருங்கள். பட்டன் பேட்டரி உள்ளது என்றால் மூடி திருகாணி போட்டதாக இருக்க வேண்டும். விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும். சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டியது.

பொம்மையைத் துணியில் சுற்றக் கற்றுக்கொடுங்கள். "துணிகளில் சுற்றி" என்ற இரண்டு சொல்லில் பிள்ளைகள் அரை மணி நேரம் இருப்பார்கள். 30 சென்டிமீட்டர் பொம்மைக்கு 75 சென்டிமீட்டர் சதுரத் துணி. ஒரு முனை மேலே வரும்படி சாய்சதுரமாக விரித்து, அந்த முனையை ஒரு கையகலம் உள்ளே மடிக்கவும். மடிப்பின் மேல் கழுத்து வரும்படி பொம்மையைக் கிடத்தவும். வலது முனையை உடலுக்குக் குறுக்கே கொண்டுவந்து முதுகுக்கு அடியில் செருகவும், கீழ்முனையை மார்புவரை மடக்கவும், இடது முனையைச் சுற்றிக் கட்டவும். பிள்ளைகள் கீழ்முனையைக் கடைசிக்கு வைத்துவிடுவார்கள், தூக்கியதும் பொம்மை அடிவழியாக நழுவும். அதனால் "வலது, கால், இடது" என்று பாட்டுப்போலச் சொல்லிக்கொடுங்கள். எசேக்கியேல் 16-இல் பிறந்த குழந்தையைத் தண்ணீரில் கழுவி, உப்புத் தடவி, துணியில் சுற்றும் வழக்கம் வருகிறது. "உப்பா?!" என்று முகம் சுளிப்பார்கள். இயேசுவுக்கும் அப்படிச் செய்தார்கள் என்று எழுதியில்லை என்பதையும் கூடவே சொல்லிவிடுங்கள்.

* * *

கதையின் நீளம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூன்று வயதுக்கு ஐந்து நிமிடம், ஐந்து வயதுக்கு எட்டிலிருந்து பத்து. அதற்கு மேல் போனால் ஆட்டுக்குட்டிகள் பறக்க ஆரம்பிக்கும்.

தினமும் ஒரே வாசகத்தில் சொல்லுங்கள். சொல்பவருக்கு அலுக்கும், கேட்பவருக்கு அலுக்காது. நான்காம் நாள் வாசகத்தில் ஒரு சொல்லை மாற்றிப் பாருங்கள், திருத்துவார்கள். அவர்கள் சேர்ந்து சொல்ல ஒரு வரி வேண்டும் என்றால் கதையிலேயே இருக்கிறது. லூக்காவில் தூதன் எலிசபெத்தின் கணவர் சகரியாவிடம் "பயப்படாதே" என்கிறான், மரியாளிடமும் அதையே சொல்கிறான், மேய்ப்பர்களிடம் "பயப்படாதிருங்கள்". மத்தேயுவில் யோசேப்புக்குக் கனவில் "ஐயப்படாதே". தூதன் வரும்போதெல்லாம் பிள்ளைகள் அந்த வரியைச் சொல்லட்டும். விளக்கை அணைத்துத் திடீரென்று டார்ச் அடித்துத் தூதனைக் காட்டுபவர்கள் உண்டு. மூன்று வயதுக்காரர்கள் அலறிவிடுவார்கள், பிறகு தூதன் என்றாலே மேசைக்கு அடியில்தான். விளக்கைக் குறைத்தால் போதும், அணைக்க வேண்டாம்.

மேய்ப்பர் பகுதியை நாம் வழக்கமாக வேகமாகக் கடந்துவிடுகிறோம். பிள்ளைக்கு அது கண்டுபிடிக்கும் விளையாட்டு. தூதன் வீட்டு அடையாளமோ தெருவோ சொல்லவில்லை. துணியில் சுற்றித் தொட்டியில் கிடக்கும் பிள்ளை என்ற ஒரே துப்புதான். ஊரில் எத்தனை பாப்பா இருந்தாலும் மாட்டுத்தொட்டியில் படுத்திருப்பது ஒன்றுதானே! தொட்டியை அறையில் எங்காவது வைத்துவிட்டு, மூன்று மூன்று பேராகத் தேட விடுங்கள். கண்டுபிடித்தவர் கத்தக் கூடாது, பாப்பா தூங்குகிறது, மற்றவர்களைக் கைகாட்டி அழைக்க வேண்டும். கத்தாமல் இருப்பதற்கு அவர்கள் படும் பாட்டைப் பார்க்க வேண்டும்.

வீட்டில் அம்மா கர்ப்பமாக இருக்கும் பிள்ளைக்கு இன்னொரு இடம் இருக்கிறது. மரியாளின் உறவுக்காரி எலிசபெத்தின் வயிற்றுக்குள் பிள்ளை துள்ளுகிற காட்சி, லூக்கா முதல் அதிகாரம். அதைக் கேட்டதும் எழுந்து போய் அம்மா வயிற்றில் காது வைக்கும்.

* * *

நட்சத்திரம் பார்த்து வந்த ஞானிகளை டிசம்பர் 24 இரவே குடிலில் நிறுத்திவிடுகிறோம். அதில் நல்ல வாய்ப்பு ஒன்று வீணாகிறது.

மத்தேயு 2-இல் அவர்கள் வருவது ஒரு வீட்டுக்குள். எத்தனை பேர் என்ற கணக்கு இல்லை. காணிக்கை மூன்று என்பதால் ஆளையும் மூன்றாக்கினோம். ஏரோது ராஜா அவர்களிடம் கேட்ட காலத்தை வைத்து "இரண்டு வயதுக்குட்பட்ட" என்று கணக்குப் போடுகிறான். "அப்ப இயேசு நடப்பாரா?" என்று பிள்ளை கேட்டால், நடந்திருக்கலாம். ஞானிகள் பொம்மைகளை டிசம்பர் 25 அன்று வீட்டின் அடுத்த கோடியில் வையுங்கள். ஜனவரி 6 வரை 12 நாள். குடில்வரை உள்ள தூரத்தைப் பிள்ளையின் காலடியால் அளந்து 12-ஆல் வகுத்து, தினமும் அவ்வளவு நகர்த்துங்கள். 36 காலடி என்றால் நாளுக்கு மூன்று. கடைசி நாள் தொட்டியை எடுத்துவிட்டு, மரியாளின் மடியில் உட்கார்ந்த பிள்ளைப் பொம்மை ஒன்றை வைத்தால் "வீடு" ஆகிவிடும். பெரும்பாலும் ஐந்தாம் நாள் ஒருவர் ஒட்டகத்தை நேராகக் குடிலுக்கே கொண்டுபோய் விட்டிருப்பார். திருப்பி வைக்காதீர்கள், "சீக்கிரம் வந்துட்டாங்க" என்று விட்டுவிடலாம்.

ஞானிகளின் காணிக்கையில் பொன் தவிர மற்ற இரண்டையும் முகரக் கொடுங்கள். தூபவர்க்கம் என்பது குந்திரிக்கப் பிசின். வழக்கமான சாம்பிராணி வேறு மரத்தின் பிசின், மணமும் வேறு. வெள்ளைப்போளம் பெயரில்தான் வெள்ளை, கட்டி செம்பழுப்பாக இருக்கும். "பொய் சொல்றீங்க" என்பார்கள். துவரம்பருப்பு அளவில் ஒரு துண்டை நுணுக்கி, மூடியில் துளையிட்ட சிறு டப்பாவில் போட்டு, மூடியைச் சுற்றி நாடா ஒட்டிவிடுங்கள். வாயில் போட விடக் கூடாது. மூடிய அறையில் பிசினைப் புகைத்தால் மூச்சிரைப்பு உள்ள பிள்ளைக்கு ஆகாது. முகர்ந்தாலே போதும்.

ஏரோதை ஆறு வயதுக்குள் எவ்வளவு சொல்வது? ராஜாவுக்குக் கோபம் வந்தது, யோசேப்புக்குக் கனவில் எச்சரிப்பு வந்தது, இரவோடு இரவாக எகிப்துக்குக் கிளம்பினார்கள். இவ்வளவுதான். குழந்தைகளைக் கொன்றதை நாமாக எடுக்க வேண்டாம், வேறெங்கோ கேட்டுவிட்டு வந்து கேட்டால் மறுக்கவும் வேண்டாம். அந்தப் பிள்ளை உண்மையில் கேட்பது "அந்த ராஜா இப்ப இருக்கானா?" என்பதுதான். செத்துப்போனான், அதன் பிறகுதான் அவர்கள் திரும்பி வந்தார்கள் என்று அதே அதிகாரத்தில் இருக்கிறது.

* * *

நாடகம் போடுகிறவர்கள் கவனத்துக்கு.

ஐந்து வயதுக்குக் கீழே வசனம் வேண்டாம். ஒருவர் கதையை வாசிக்கட்டும், பிள்ளைகள் நடக்கட்டும், நிற்கட்டும். 20 நிமிட ஒத்திகை மூன்று போதும். நான்காவதில் சலிப்பு வந்துவிடும். அங்கியின் ஓரம் தரையிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் மேலே இருக்க வேண்டும், படியேறும்போது தடுக்கும் விபத்துகள் பாதி அதிலேயே நிற்கும். இறக்கையை முதுகுப்பை வார்போல இரண்டு தோளிலும் மாட்டவும். ஊசி குத்தினால் உட்காரும்போது பிய்த்துக்கொண்டு குத்தும். தலைத்துணிக்கு முடிச்சுப் போடாமல் மிருதுவான எலாஸ்டிக் பட்டை போடுங்கள்.

பேசக் கூச்சப்படுகிற பிள்ளைக்கு ஆடு வேடம் கொடுத்து ஓரத்தில் நிறுத்துவது வழக்கம். அதைவிட யோசேப்பு வேடம் கொடுக்கலாம். நான்கு சுவிசேஷங்களிலும் யோசேப்பு வாய் திறந்து பேசியதாக ஒரு வார்த்தைகூட இல்லை. ஆனால் மேடையை விட்டு அவர் இறங்குவதே கிடையாது. "உனக்கு வசனமே கிடையாது, பாப்பாவைப் பார்த்துக்கணும், அவ்வளவுதான்" என்று சொல்லிப் பாருங்கள்.

தொட்டியில் பொம்மையை முன்கூட்டியே போட்டு, மேலே துணியால் மூடிவையுங்கள். உரிய நேரத்தில் துணியை விலக்கினால் போதும். கையில் கொண்டுவரச் சொன்னால் நான்கு வயது மரியாள் பொம்மையைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டுதான் வருவாள்.