புதுப்பிப்பு: வலப்புறம் சாய்ந்த லேண்ட் குரூசர் 80

முழுச் சுமையேற்றினால் என் லேண்ட் குரூசர் 80 வண்டியின் பின்பகுதி வலப்புறம் 22 மி.மீ. தாழ்வதாக முன்பு எழுதியிருந்தேன். பின் சுருள் ஸ்பிரிங்குகளை இடவலமாக மாற்றிப் போட்டும் சாய்வு அதே பக்கத்திலேயே நின்றதால், ஸ்பிரிங் தளர்ந்திருக்குமோ என்ற ஐயம் நீங்கி, கோளாறு சுமைப் பங்கீட்டில்தான் என்பது உறுதியாயிற்று. நிரப்பினால் தண்ணீர் மட்டுமே 60 கிலோ எடையுள்ள தொட்டி, குளிர்பெட்டி, இரண்டாவது பேட்டரி ஆகிய மூன்றும் வலப்புறமே இருந்தன. தொட்டியைப் பின் அச்சுக்குச் சற்று முன்னால் நடுவில் கிடத்தியதும் வேறுபாடு 8 மி.மீ. ஆகக் குறைந்தது, எஞ்சியதை வலப்புற ஸ்பிரிங்கின் மேல் வைத்த 10 மி.மீ. ஸ்பேசர் (உயரம் கூட்டும் இடைவளையம்) சரிசெய்தது. சுருள் ஸ்பிரிங்குக்குள் காற்றுப்பை வைத்துப் பின்பகுதியைத் தூக்கலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. கல்பாதையில் அது கிழிந்தால் நடுவழியில் மாற்று கிடைக்காது. ஸ்பிரிங் வேலைக்காகக் கீழ்க்கைகளின் (பின் அச்சை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் கீழ்த் தண்டுகளின்) ரப்பர் புஷ் போல்டுகளைத் தளர்த்தினால், அவற்றை வண்டி சுமையோடு தன் சக்கரங்களில் நிற்கும்போதே இறுக்க வேண்டும். ஜாக்கியில் தூக்கிவைத்து இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு விரைவில் கிழிந்துவிடும்.