எடிஸ்டோன் லைட் ஹவுஸ்: கோபுரம் நின்றது, பாறை ஏன் தோற்றது?

முட்டம்_கடல்:
முட்டத்து லைட் ஹவுஸ் கரைமேட்டில் நிற்கிறது, கல்லை வண்டியில் கொண்டு போய்விடலாம். இங்கிலாந்தின் எடிஸ்டோன் அப்படியில்லை. ரேம் ஹெட் முனையிலிருந்து சுமார் 14 கி.மீ. கடலுக்குள், வேலியேற்றத்தில் பெரும்பாலும் முங்கிப்போகிற பாறை. அங்கே ஜான் ஸ்மீட்டன் 1759-ல் முடித்த கல் கோபுரம் 120 வருஷம் தாங்கியது எப்படி? அப்போது சிமெண்ட் கிடையாதே. நம்ம சிப்பிச் சுண்ணாம்பு மாதிரியா? நன்றாக நின்றதை அப்புறம் ஏன் பிரித்தார்கள்?

தக்கலை_கொத்து:
சிப்பிச் சுண்ணாம்பு அங்கே நிற்காது அண்ணாச்சி. அது கிட்டத்தட்ட சுத்தமான சுண்ணாம்பு; காற்றிலுள்ள கரியமிலவாயுவை வாங்கித்தான் இறுகும். தண்ணீருக்குள் காற்று ஏது? இறுகும் முன்பே கரைந்து ஓடிவிடும். அதனால்தான் கிணறு, குளத்து வேலைக்கு செங்கல் பொடி, அதாவது சுர்க்கி சேர்ப்பது.

ஸ்மீட்டன் பல ஊர்ச் சுண்ணாம்புக் கல்லைச் சுட்டு, நீற்றி, குழைத்து, இரண்டு அங்குல உருண்டை பிடித்தார். கொஞ்சம் இறுகியதும் தண்ணீரில் போட்டுப் பார்த்தார். சில உருண்டை உதிர்ந்தது, சில கல்லானது. காரணம் தேட, அந்தந்தக் கல்லை நைட்ரிக் அமிலத்தில் கரைத்தார். தண்ணீரில் இறுகிய கல்லிலெல்லாம் அடியில் களிமண் தங்கியது. அதுவரை வெள்ளைவெளேர் என்ற கெட்டிக் கல்லே நல்ல சுண்ணாம்பு தரும் என்று நம்பியிருந்தார்கள். களிமண் கலந்த கல்தான் வேண்டும் என்று ஆனது. என் கணக்கில் கோபுரத்தைவிட இதுவே பெரிய வேலை. கடைசியில் வேல்ஸ் நாட்டு அபர்தா சுண்ணாம்பும், இத்தாலியின் சிவிட்டவெக்கியாவிலிருந்து வந்த எரிமலைச் சாம்பலும் சரிக்குச் சரி கலந்தார்.

ஆசாரிப்பள்ளம்_உளி:
சாந்து மட்டும் போதாது. இறுகும்வரை அலை காத்திருக்காதே. அதனால் கல்லுக்குக் கல் பூட்டு. புறா வால்போல ஒரு பக்கம் விரிந்த வெட்டு. பக்கத்துக் கல்லில் அதே அளவுக்குப் பள்ளம். மேலே தூக்கினால் ஒழிய வெளியே வராது. சரிவான பாறையையும் படிப்படியாகச் செதுக்கி, அடிவரிசைக் கல்லை அதிலேயே பூட்டினார். ஒவ்வொரு கல்லையும் ஓக் மர முளை அடித்து, ஆப்பு வைத்து இறுக்கினார்கள். வரிசைக்கு வரிசை வழுக்காமல் இருக்க, மேல்கல்லிலும் கீழ்கல்லிலும் பாதிப்பாதி பதியும் சலவைக்கல் கட்டை.

வெளிச்சுற்று கார்ன்வால் கிரானைட். உள்ளே, செதுக்க எளிதான போர்ட்லாண்டு கல். கரையிலேயே வரிசை வரிசையாக அடுக்கிப் பார்த்து, எண் போட்டுத்தான் படகில் ஏற்றினார்கள். கடலில் போய் ஒரு கல் சேரவில்லை என்றால் அன்றைய வற்றம் போச்சு.

இதற்கு முன் 1709-ல் ரட்யெர்ட் கட்டிய மரக்கோபுரமும் நன்றாகவே நின்றது. 1755-ல் விளக்கறையில் பிடித்த தீயில்தான் போனது. ஸ்மீட்டன் முழுக்கக் கல்லுக்குப் போனது அதனால்.

கடியப்பட்டணம்_அலை:
பிரித்ததற்குக் காரணம் பாறை. கோபுரத்துக்குக் கீழே அலை குடைந்து குடைந்து பாறையை அரித்துவிட்டது. பெரிய அலை மோதும்போது கோபுரம் அதிர ஆரம்பித்தது. மரத்தின் அடிபோல வளைந்து விரிந்த அடிப்பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. அலை மோதி நிற்காமல், அந்த வளைவைப் பிடித்து மேலே ஏறும்.

ஜேம்ஸ் டக்ளஸ் பக்கத்துப் பாறையில் கட்டிய புதுக் கோபுரத்துக்கு அடியில் 44 அடி அகலத்தில் நேர்குத்தான உருளை மேடை வைத்தார். அலை அதில் மோதி உடையும். பூட்டும் பக்கவாட்டில் மட்டுமல்ல, மேலும் கீழும் உண்டு. 1882-ல் விளக்கு எரிந்தது; ஆளில்லாமல் இயங்கத் தொடங்கியது 1982-ல்.

பழையதன் மேல்பகுதியை எண் போட்டுப் பிரித்து பிளிமத் ஊர் மேட்டில் திரும்ப நிறுத்தினார்கள். அடிப்பகுதியைப் பிரிக்க முடியவில்லை. புதுக் கோபுரத்துக்குப் பக்கத்தில், அரித்துப்போன அதே பாறைமேல் அந்தக் குத்துக்கல் இன்றும் நிற்கிறது.