லேட்டோலி காலடித்தடம்: கண்காட்சிக்கு அச்சு எடுப்பது எப்படி?

ஆறாம்ஆண்டு_டீச்சர் (சுங்கை சிப்புட்)
தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு தொல்லியலாளர் மேரி லீக்கியின் லேட்டோலி தடம் (தான்சானியாவில் கிடைச்ச மனித மூதாதையர் காலடித்தடம்) மாதிரி செய்யணும். பிளாஸ்டர் அச்சு தூக்கும்போதே உடையுது. அட்டையில் "மேரி லீக்கி கண்டெடுத்தார், கார்பன் முறையில் 3.66 மில்லியன் ஆண்டு" என்று எழுதியிருக்கோம். சரியா?

சாந்துக்கரண்டி
தண்ணி கூடிப்போச்சு, இல்லைன்னா அவசரப்பட்டுத் தூக்கிட்டீங்க டீச்சர். பெரியவர் பாதத்துக்கு 2 கப் தண்ணி, 4 கப் பிளாஸ்டர் பவுடர். தண்ணியில் பவுடரைத் தூவுங்க. பவுடரில் தண்ணி ஊத்தினா கட்டி கட்டும். ஒரு நிமிஷம் ஊறவிட்டு மெதுவா கிண்டுங்க, வேகமா அடிச்சா குமிழி வரும். தடத்தைச் சுத்தி 5 செ.மீ. உயரத்துக்கு அட்டை வேலி. தடத்துக்குள் நேரா கொட்டினா விரல் அடையாளம் கரைஞ்சிடும். கரண்டி முதுகில் வழியவிடுங்க. சூடேறி ஆறின பிறகும் ஒரு மணி நேரம் தொடாதீங்க.

தோட்டத்துச் செம்மண்ணில் கல் அதிகம். சலிச்ச ஆத்துமணலை ஈரமாக்கி, தட்டி, அதில் மிதிக்க விடுங்க. ஈர சிமெண்டில் வெறுங்கால் வேண்டாம், தோல் வெந்துடும்.

பழையகல்
அட்டையை மாத்தணும். கார்பன் முறை (உயிர்ப்பொருளில் மிஞ்சின கதிரியக்கக் கார்பனை அளந்து வயசு சொல்றது) சுமார் 50,000 ஆண்டுக்கு மேல் உதவாது. லேட்டோலியில் எரிமலைச் சாம்பலைப் பொட்டாசியம்-ஆர்கான் முறையில் (பொட்டாசியம் சிதைஞ்சு எவ்வளவு ஆர்கான் வாயு ஆயிருக்குன்னு அளப்பது) கணக்கிட்டாங்க. சாம்பல் விழுந்து, மழை நனைச்சு, நடந்த தடம் அப்படியே சிமெண்ட் மாதிரி இறுகிடுச்சு.

1976-ல் மேரியின் குழுவில் யானைச் சாணியை எறிஞ்சு விளையாடினப்போ ஆண்ட்ரூ ஹில் கண்ணில் பட்டது விலங்குத் தடங்கள். மனித மூதாதையரின் புகழ்பெற்ற தட வரிசையை 1978-ல் முதலில் பார்த்தவர் பால் ஏபெல். தோண்டி ஆராய்ந்த குழுவுக்குத் தலைவர் மேரி. "மேரி லீக்கி தலைமையிலான குழு"ன்னு போடுங்க.

அச்சில் பெருவிரலைக் காட்டுங்க: மத்த விரல்களோட ஒரே திசையில் இருக்கும், சிம்பன்சிக்கு விலகி நிற்கும். பிள்ளைங்க கேட்கப்போறதே அதுதான்.

லெங்கோங்வாசி
பக்கத்தில் பேராக் மனிதனையும் (நம்ம மாநிலத்தில் கிடைச்ச பழங்கால மனித எலும்புக்கூடு) வைங்க. 1991-ல் குவா குனுங் ருந்து குகையில் தொல்லியலாளர் சுரைனா மஜீத் குழு தோண்டினது, சுமார் 10,000 ஆண்டு. அதுக்குக் கார்பன் சரியா வரும். ஒரே மேசையில் ரெண்டு முறையும் காட்டலாம் லா.

ஆறாம்ஆண்டு_டீச்சர்
நன்றி. அச்சு ஈரமா இருக்கும்போதே சாயம் அடிக்கலாமா?

சாந்துக்கரண்டி
வேண்டாம், உரிஞ்சு வரும். நம்ம ஊர் ஈரத்தில் ரெண்டு மூணு நாள் ஃபேன் காத்தில் வைங்க.