ஆக்டிவ் பேஸில் சத்தம் உடைகிறதா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நாலு கம்பி, தங்கச்சிமடம்:

மூணு வாரம் என்னை ஆட்டி வெச்ச கோளாறு இது. காரணம் தெரிஞ்சப்புறம் வெக்கமா போச்சு. இருந்தாலும் எழுதுறேன், இன்னொருத்தன் இதே குழியில விழவேண்டாம்னு.

கோயில் பாடகர் குழுவுல பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். ஆக்டிவ் பேஸ், அதாவது உள்ளேயே சிக்னலைத் தூக்கிக் குடுக்கிற ப்ரீஆம்ப்னு ஒரு சின்ன சர்க்யூட்டு, அதுக்கு ஒரு 9 வோல்ட் பேட்டரி. ஏப்ரல் 15லேர்ந்து தடைக்காலம். 61 நாள் விசைப்படகு போகாதுன்னா எங்க பயலுக எல்லாரும் கரையிலதான், அதனால தினமும் பயிற்சி. சாமான் எல்லாம் மேடையிலேயே கிடக்கும். யாரும் எதையும் கழட்டுறதில்ல. இந்த வரியை ஞாபகத்துல வெச்சுக்கங்க.

மே மாசம் ஒரு சாயங்காலம், தடிக்கம்பியை, அதான் ஈ கம்பியை, அழுத்தி இழுத்தேன். 'பர்ர்'னு ஈரச்சாக்கைக் கிழிச்ச மாதிரி ஒரு சத்தம். மெதுவா தட்டுனா சுத்தமா வருது. மெல்லிசான ஜி கம்பியில எவ்வளவு இழுத்தாலும் ஒண்ணுமில்ல. உடனே நான் செட்டுக்காரரைப் பார்த்து "அண்ணே, ஸ்பீக்கர் போச்சு"ன்னு சொல்லிட்டேன். அவரு ஒண்ணும் பேசல. கீபோர்டுக்காரனை விட்டு அதே ஸ்பீக்கர்ல அடிமட்டத்துல நாலு கட்டை அழுத்தச் சொன்னாரு. கண்ணாடி மாதிரி வந்தது. அப்புறமும் நான் விடல. கேபிளை மாத்துனேன், வீட்டு ஆம்ப்ல போட்டுப் பார்த்தேன். அதே பர்ர்.

என் பேஸ்ல ஆக்டிவ், பாசிவ் மாத்துற சுவிட்சு இருக்கு. பாசிவ்ல போட்டா ப்ரீஆம்ப் வழியா போகாம சிக்னல் நேரா வரும். அப்ப சத்தம் சுத்தம்! அப்ப கோளாறு ப்ரீஆம்ப் பக்கம்னு தெரிஞ்சுபோச்சு. பேட்டரியைக் கழட்டி மல்டிமீட்டர்ல வெச்சேன். 9.2 காட்டுது. பேட்டரி நல்லாத்தான் இருக்குன்னு மூடிட்டேன். அங்கதான் தப்பு.

அதுக்கப்புறம் பத்து நாள் என்னென்னமோ பண்ணேன். பேட்டரி மாட்டுற கிளிப்புல பச்சைக் களிம்பு, அதைச் சுரண்டுனேன். கேபிள் செருகுற ஓட்டை, அதான் ஜாக்கு, அதைப் புதுசா வாங்கி ஈயம் வெச்சேன். ஒண்ணும் மாறல. கடைசியில மண்டபம் ஊர்ல ஒரு ரேடியோ ரிப்பேர் அண்ணன்கிட்ட தூக்கிட்டுப் போனேன். மீதியை அவரே சொல்லட்டும், இங்கதான் இருக்காரு.

பழைய ரேடியோ, மண்டபம்:

தம்பி பேஸைத் திறக்கறதுக்கு முன்னாடி நான் கேட்டது, "மீட்டரைக் கொண்டாந்திருக்கியா?" கொண்டு வந்திருந்தாப்ல. திருப்பிப் பார்த்தா மீட்டர் மூலையில பேட்டரிப் படம் மினுக்கு மினுக்குன்னு. மீட்டருக்கு உள்ளயும் அதே 9 வோல்ட் சதுர பேட்டரிதான். மலிவு மீட்டர்ல அது இறங்கிப்போச்சுன்னா, அளக்கறதைக் கூடுதலாக் காட்டும். எடை போடுற கல்லே தேஞ்சு போயிருந்தா மீன் எடை எப்படி வரும்? தேஞ்ச கல்லு மீனைக் கூடத்தானே காட்டும். என் மீட்டர்ல வெச்சேன். 6.4. புது பேட்டரி போட்டேன், பர்ர் போயிருச்சு. வேலை ரெண்டு நிமிஷம். டீ குடிச்சது அரை மணி நேரம்.

ஏன் தடிக்கம்பிக்கு மட்டும் உடையுதுன்னு தம்பி கேட்டாப்ல. கூரை தாழ்ந்த வீட்டுல குள்ளன் நடமாடலாம், நெட்டையன் நிமிர்ந்தா இடிக்கும். பேட்டரிதான் கூரை. 9 வோல்ட்டு ஆறு வோல்ட்டா இறங்குனா கூரையும் இறங்குது. தடிக்கம்பியை இழுத்தா வர்ற அலைதான் பெருசு, அதோட தலைதான் முதல்ல வெட்டுப்படும். அந்த வெட்டுத்தான் பர்ர்.

சரி, பேட்டரி ஏன் அவ்வளவு சீக்கிரம் இறங்குச்சு? ஆக்டிவ் பேஸ்ல தனியா ஆன்-ஆஃப் சுவிட்சு கிடையாது. ஜாக்கே சுவிட்சு. அது ஸ்டீரியோ ஜாக். சாதாரண மோனோ பிளக்கைச் செருகுனா, பிளக்கோட உடம்பு ஜாக்குல உள்ள நடு நாக்கையும் தரையையும் சேர்த்துவிடும், பேட்டரி ஓட ஆரம்பிச்சுரும். நீ வாசிச்சாலும் வாசிக்காட்டாலும், ஆம்பு அணைஞ்சு கிடந்தாலும் ஓடும். ப்ரீஆம்ப் 1 மில்லிஆம்பியர் இழுக்குதுன்னு வை, நல்ல ஆல்கலைன் பேட்டரியில 500 மில்லிஆம்பியர்-ஹவர்னு வை. 500 மணி நேரம். தினம் ரெண்டு மணி நேரம் வாசிச்சா எட்டு மாசம் வரும். கேபிளைக் கழட்டாம மேடையில போட்டு வெச்சா 21 நாளு. ஏப்ரல் 15லேர்ந்து மேடையில கிடந்தது மே மாசம் ஏன் உடைஞ்சதுன்னு தம்பிக்கு இப்ப புரிஞ்சிருக்கும். டார்ச்சுக்குப் போடுற மலிவு கார்பன் பேட்டரின்னா இன்னும் சீக்கிரம்.

திருக்கைக் குழம்பு, பாம்பன்:

1976ல மியூசிக் மேன் கம்பெனி ஸ்டிங்ரேன்னு ஒரு பேஸ் விட்டாங்க. உள்ளுக்குள்ளயே ப்ரீஆம்ப் வெச்சு பெரிய அளவுல தயாரான முதல் பேஸுன்னு அதைத்தான் சொல்லுவாங்க. ஸ்டிங்ரேன்னா திருக்கை. நாங்க புளி ஊத்திக் குழம்பு வைக்கிற மீனை அவன் தோள்ல மாட்டி வாசிச்சிருக்கான்.

நம்ம கரையில பேட்டரியை விட பெரிய எதிரி காத்துதான். கச்சான் அடிக்கிற மாசத்துல சன்னல் கம்பியைத் தொட்டு நக்கிப் பாருங்க, கரிக்கும். அந்த உப்பு ஈரத்தை இழுத்து வெச்சுக்கும். பேட்டரி கிளிப்பு, ஜாக்கு நாக்கு எல்லாம் களிம்பு பிடிச்சிடும். ஆனா அந்தச் சத்தம் வேற மாதிரி. பேட்டரி இறங்குனா இழுக்கும்போதுதான் உடையும். களிம்புன்னா சும்மா நிக்கும்போதே கரகரக்கும், பிளக்கை ஆட்டுனா ஒரு நேரம் வரும், ஒரு நேரம் போகும். நான் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு பஞ்சுல துடைக்கிறேன். கிளிப்பு லூசா இருந்தா குறடால ஒரு நசுக்கு. ஒரு நண்பன் தேங்கா எண்ணெய் தடவுனான். அது பொடி மணலை இழுத்துக்கிட்டு முன்னாடியை விட மோசமாப் போச்சு. செய்யாதீங்க.

ஆல்டோ, தொண்டி:

நான் எழுதுவது பேட்டரி கதை இல்லை. நான் குழுவில் பாடுபவள். பேஸ் வாசிக்க ஆள் வராமல் போன ஒரு கிறிஸ்துமஸில் அதைத் தூக்கியவள், பிறகு கீழே வைக்கவே இல்லை. எனக்கும் தடிக்கம்பியில்தான் உடைந்தது. புது பேட்டரி போட்டேன், அப்படியே இருந்தது. மீட்டரும் நல்ல மீட்டர்தான்!

பிறகுதான் கவனித்தேன். எனக்கு முன் வாசித்தவர் சத்தம் போதவில்லை என்று, கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பைத் திருகித் திருகிக் கம்பிக்குப் பக்கத்தில் ஏற்றி வைத்திருக்கிறார். தாழ்ந்த சுரங்களைக் கூட்டும் 'பேஸ்' குமிழையும் முழுக்கத் திருப்பி விட்டிருந்தார். அந்தக் குமிழ் 12 டெசிபெல் ஏற்றினால் தாழ்ந்த சுரங்களின் வோல்ட்டேஜ் நான்கு மடங்காகிறது. எந்தப் பேட்டரிதான் தாங்கும்? குமிழை நடுவுக்குக் கொண்டுவந்தேன். தடிக்கம்பியைக் கடைசி ஃபிரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடு) அழுத்திப் பிடித்துக்கொண்டு, கம்பிக்கும் பிக்கப்புக்கும் நடுவே ஒரு ரூபாய்க் காசு இரண்டு அடுக்கி நுழைகிற அளவுக்குப் பிக்கப்பை இறக்கினேன். கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர். அத்தோடு சரியாகிவிட்டது. சத்தம் கொஞ்சம் குறைந்தது, அதை ஆம்பில் ஏற்றிக்கொண்டேன். ஏற்ற வேண்டிய இடம் அதுதானே.

இன்னொன்று. ஆம்பை அணைத்துவிட்டு வெறும் கம்பியை ஒரு முறை இழுத்துக் கேளுங்கள். அப்போதும் 'ஜிர்ர்' என்று வந்தால் அது ஃபிரெட்டில் கம்பி இடிக்கிற சத்தம், மின்சாரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இது தெரியாமல் நான் ஒரு வாரம் ஒயரைக் குடைந்தேன்.

மைக் செட், கீழக்கரை:

அது எப்படிங்க, கம்பி உடைஞ்சாலும் செட்டுக்காரன், கச்சேரி உடைஞ்சாலும் செட்டுக்காரன்?

சரி, நம்ம பக்கமும் தப்பு உண்டு, மறைக்க மாட்டேன். ஆக்டிவ் பேஸ்லேர்ந்து வர்ற சிக்னல் பலமானது. மிக்சர்ல மைக்குக்கு வெக்கிற மாதிரி கெயினை, அதான் உள்ள வர்ற சிக்னலைப் பெருசாக்குற குமிழை, ஏத்தி வெச்சா சிவப்பு விளக்கு எரியும், சத்தம் உடையும். எங்க உடையுதுன்னு கண்டுபிடிக்க ஒரு வழி சொல்றேன். கெயினை நல்லா இறக்குங்க. சத்தம் குறைஞ்சு, பர்ர் மட்டும் அப்படியே இருந்தா அது மிக்சருக்கு முன்னாடியே உடைஞ்சு வருது, பேஸைப் பாருங்க. பர்ர் மறைஞ்சா குத்தம் எங்களுது. பேஸை மிக்சரோட சேர்க்கிற டிஐ பெட்டியில, சிக்னலைக் குறைக்கிற பேட்னு ஒரு பித்தான் இருக்கும், ஆக்டிவ் பேஸ் வந்தா முதல்ல அதைத்தான் நான் அழுத்துவேன். ஆம்புலயும் சிலதுல ஆக்டிவ்னு தனி ஓட்டை உண்டு. சும்மா அலங்காரத்துக்கு வெக்கல.

திருக்கைக் குழம்பு, பாம்பன்:

ரெண்டு பேட்டரி போட்டு 18 வோல்ட் ஆக்குனா கூரை ஒசந்துரும்ல, ரேடியோ அண்ணே?

பழைய ரேடியோ, மண்டபம்:

ஒசரும். ஆனா ப்ரீஆம்ப் 18 தாங்கும்னு செஞ்சவன் எழுதியிருந்தா மட்டும் பண்ணு. எழுதலன்னா கை வெக்காத. புகையை வெளிய விட்டுட்டு அதைத் திரும்ப உள்ள அடைக்கச் சொல்லி என்கிட்ட வராத. சார்ஜ் பண்ற 9 வோல்ட் பேட்டரி வாங்குறவங்களும் மேல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. சிலது 8.4, சிலது 7.2தான். 7.2ன்னா கூரையைத் தாழ்வா வெச்சே வீட்டைக் கட்டுற மாதிரி.

நாலு கம்பி, தங்கச்சிமடம்:

எல்லாருக்கும் நன்றி. இப்ப பயிற்சி முடிஞ்சதும் கேபிளைக் கழட்டிட்டுத்தான் செருப்பு மாட்டுறேன். பேட்டரி மாத்துன தேதியை உள்மூடியில பேனாவால எழுதி வெச்சிருக்கேன். மீட்டருக்கும் புது பேட்டரி போட்டாச்சு.

கீழக்கரை அண்ணே, ஒரு சந்தேகம். மே மாசம் எங்க கோயிலுக்குச் செட்டு போட்டது நீங்க இல்லையே? ஒண்ணும் பேசாம கீபோர்டுக்காரனை வாசிக்கச் சொன்னீங்களே?

மைக் செட், கீழக்கரை:

நான் இல்ல தம்பி. அது என் மச்சான். ஸ்பீக்கரைக் கழட்டிப் பார்த்துட்டு ராத்திரி பதினொரு மணிக்குத்தான் வீட்டுக்கு வந்தான். நேர்ல பார்த்தா ஒரு டீ வாங்கிக் குடுத்துரு.